காது இருக்கான்னு பாருங்க!

போன தை மாசம், காப்புக்கட்டு முடிஞ்ச மறுவாரம், ஒரு தம்பி எங்க களத்துக்கு வந்தார். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துட்டு, பக்கத்து ஊரில் நாலு ஏக்கர் மேட்டுநிலம் வாங்கி இயற்கை விவசாயத்தில் இறங்கியிருக்கிறவர். தோளில் ஒரு சாக்குப்பை. "ஐயா, நிலத்தைச் சுத்தி ஆவாரை நிறையக் கிடக்குது. பூவு, இலை, காயி, விதை எல்லாத்தையும் காயவச்சுப் பொடியாக்கி நம்ம சந்தையில் கொடுக்கலாம்னு இருக்கேன். நீங்க ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

சாக்கைக் களத்தில் கொட்டிப் பார்த்தேன். பூ எல்லாம் மஞ்சள். இலை எல்லாம் ஒரு காம்பில் ஜோடி ஜோடியாக அடுக்கிய இலை. மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே செடிதான். கையை விட்டுக் கிளறினதும் விஷயம் வேறாக இருந்தது. பாதிதான் ஆவாரை. கொஞ்சம் காய்ஞ்ச ஊசித்தகரை. மீதி பேயாவாரை. காயும் விதையும் பெரும்பாலும் அந்தப் பேயாவாரையோடதுதான்.

"தம்பி, இந்த விதையைப் பொடி பண்ணி யாருக்காவது கொடுத்தீங்களா?"

"இன்னும் இல்லைங்கய்யா. நானும் வீட்டுக்காரங்களும் பூவை மட்டும் ஒருநாள் கொதிக்கவச்சுக் குடிச்சோம்."

எனக்கு அப்போதான் மூச்சு வந்தது.

பேயாவாரை விதை விளையாட்டு இல்லை. மேற்கு உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் பல வருஷமாகச் சின்னக் குழந்தைகள் திடீர் திடீரென்று வாந்தியெடுத்து, நினைவு தப்பி, பலர் இறந்தும் போனார்கள். மூளைக்காய்ச்சல், ஏதோ வைரஸ் என்றுதான் ரொம்ப நாள் நினைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் விளையாட்டாகப் பறித்துத் தின்ற பேயாவாரை விதைதான் காரணம் என்று அங்குள்ள மருத்துவர்கள் 2007ஆம் ஆண்டு வாக்கில் ஆய்வு செய்து எழுதினார்கள். கல்லீரல், தசை, மூளை மூன்றையும் அந்த விதை தாக்குகிறது. ஆடு மாடு தின்றாலும் தசை கெட்டுப் படுத்துவிடும். அந்தச் சாக்கு அப்படியே அரவை மில்லுக்குப் போயிருந்தால், 'நஞ்சில்லா உணவு' என்று நாம் எழுதி மாட்டியிருக்கிற பலகைக்குக் கீழேயே நஞ்சு விற்பனைக்கு வந்திருக்கும்.

இதில் அந்தத் தம்பியை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தப்பு நம்ம எல்லோருடையதும்தான். பஞ்சகவ்யம் எப்படிப் போடணும், அமுதக்கரைசலுக்கு எத்தனை கிலோ சாணம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். பாரம்பரிய நெல் ரகங்களை வரிசையாகச் சொல்கிறோம். நம்ம வரப்பிலே, யாரும் தண்ணீர் ஊற்றாமல் வெயிலில் நிற்கிற செடியின் பேரைக் கேட்டால், "ஏதோ ஆவாரை மாதிரி இருக்குதுங்க" என்கிறோம். இந்த 'மாதிரி' ஆபத்தானது. நிலத்தில் என்ன செடி முளைச்சிருக்கு என்று தெரியாமல் அதைப் பிடுங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன்

எங்க ஊர் அரியலூர்ச் சீமை. பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னே இந்தப் பக்கமெல்லாம் கடலாகக் கிடந்த இடம். காரை ஓடைப் பக்கம் போனால் இன்னமும் சிப்பியும் சங்கும் கல்லாகிக் கிடப்பதைக் காலால் இடறலாம். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லைத்தான் சிமெண்டுக்காக வெட்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்க மேட்டுக்கொல்லை இரண்டு ஏக்கரும் அந்த வகைதான். ஒரு சாண் மண்ணுக்குக் கீழே சுக்கான் பாறை. கடப்பாரையைப் போட்டால் 'ணங்' என்று திரும்பி வரும்.

அந்தக் கொல்லையில் அப்பா காலத்தில் ஆவாரையும் சூரையும்தான் நின்றன. விவரம் தெரியாத வயசில் நான் அதைத் 'தரிசு' என்று நினைத்தேன். பொக்லைன் வைத்து ஒரே நாளில் எல்லாத்தையும் வேரோடு வழித்துத் தள்ளினேன். ஊரே பாராட்டியது. ஆடியில் கடலை போட்டேன். ஒரு மாசத்துக்குள் இலையெல்லாம் வெளுத்து மஞ்சளாகிவிட்டது. சுண்ணாம்பு அதிகமான மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் கடலை வேரால் அதை எடுக்க முடியாது என்பது எனக்கு அப்போ தெரியாது. அந்த வருஷ ஐப்பசி மழை மேல்மண்ணை ஓடைக்கு இழுத்துக்கொண்டு போனது. கார்த்திகையில் போய்ப் பார்த்தால், எலும்பு தெரிகிற மாடு மாதிரி வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் பல்லிளித்துக்கொண்டு நிற்கிறது. அந்த மண்ணை அத்தனை வருஷம் பிடித்து வைத்திருந்தது எது என்று அப்போதுதான் புரிந்தது.

புத்தி வந்து, ஆவாரையைத் திரும்ப வைக்கலாம் என்று ஒரு நாற்றுப் பண்ணையில் ஐம்பது கன்று வாங்கி வந்தேன். பையிலே 'ஆவாரை' என்றுதான் எழுதியிருந்தது. இரண்டு வருஷத்தில் அது அழகுக்கு வளர்க்கிற மஞ்சள் பூ மரமாக எழும்பி நின்றது. பூ ஒன்றுபோலவே இருந்ததால் கொஞ்ச நாள் நானும் ஏமாந்துதான் இருந்தேன். எங்க ஊர்ப் பாட்டி ஒருத்தர் வந்து ஒரு கொப்பை ஒடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது ஆவாரை இல்லடா தம்பி. காதைக் காணோமே!"

அன்றைக்குத் தெரிந்துகொண்டதுதான் கீழே எழுதுவது.

எப்படிப் பார்க்கணும்?

முதலில், பூவை நம்பாதீங்க. மஞ்சளாக ஐந்து இதழோடு இந்தக் குடும்பத்தில் நிறையச் செடி பூக்குது. பூ இல்லாத சித்திரையிலும் அடையாளம் சொல்லத் தெரிந்தால்தான் நமக்குச் செடி தெரியும் என்று அர்த்தம்.

ஒன்று, காது. இலைக்காம்பு கிளையில் ஒட்டுகிற கணுவைப் பாருங்க. ஆவாரையில் அந்த இடத்தில் இரண்டு பக்கமும் வட்டமாக, பச்சையாக, காது மடல் மாதிரி ஒரு குட்டி இலை இருக்கும். இளங்கொப்பில் தெளிவாகத் தெரியும், சீக்கிரம் உதிராது. இதன் அறிவியல் பெயர் சென்னா ஆரிகுலேட்டா. 'ஆரிகுலேட்டா' என்றால் காதுள்ளது என்றுதான் பொருள். படித்தவர்களும் எங்க ஊர்ப் பாட்டியும் ஒரே அடையாளத்தைத்தான் பிடித்திருக்கிறார்கள். காது இல்லையா, அது ஆவாரை இல்லை.

இரண்டு, காம்பில் ஊசி. ஓர் இலையைப் பறித்து வெயிலுக்கு எதிராகப் பிடியுங்கள். சின்ன இலைகள் ஜோடியாகச் சேருகிற ஒவ்வொரு இடத்திலும், குண்டூசி முனை மாதிரி ஒரு சுரப்பி நிமிர்ந்து நிற்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒன்று.

மூன்று, ஜோடிக் கணக்கு. ஆவாரை இலையில் எட்டு முதல் பன்னிரண்டு ஜோடிச் சின்ன இலை இருக்கும். ஒவ்வொன்றும் விரல் நகம் அளவு, நுனி மழுங்கி, நடுவில் ஒரு சின்ன முள்முனையோடு இருக்கும்.

நான்கு, காய். சப்பட்டையாக, காகிதம் மாதிரி மெல்லியதாக, ஒரு விரல் நீளம் இருக்கும். காய்ந்தால் வெளிர்பழுப்பு. உள்ளே விதை இருக்கிற இடம் மேடு பள்ளமாகத் தெரியும்.

ஐந்து, பட்டை. பல வருஷம் நிற்கிற புதர் இது. ஆள் உயரம் போகும். அடிக்கிளை செம்பழுப்பாக, வழுவழுப்பாக இருக்கும். உரித்தால் நாராக வரும். மழைக்கு முளைத்துக் கோடையில் சாகிற செடி ஆவாரையாக இருக்காது.

யாரோடு குழம்புகிறோம்?

பேயாவாரை. சில ஊரில் இதைப் பொன்னாவாரை என்றும் சொல்கிறார்கள். பேரிலேயே குழப்பம் இருப்பதால் பேரைக் கேட்டு முடிவு பண்ண வேண்டாம். நான்கு முதல் ஆறு ஜோடிதான் இலை. பெரிய இலை, நுனி கூர்மை. கசக்கினால் நாற்றம் அடிக்கும். சுரப்பி ஒரே ஒன்றுதான், காம்பின் அடியில் உருண்டையாக. காய் ஒடுக்கமாக, லேசாக வளைந்து, ஓரம் வெளுத்திருக்கும். குப்பைமேடு, ரோட்டோரம், கிளறிப் போட்ட மண் இதுக்குப் பிடிச்ச இடம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி இது, நம்ம மண்ணுக்கு உரியது இல்லை. இதன் விதையை வறுத்துக் காபிப் பொடி மாதிரி குடிக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. தயவுசெய்து அந்த வேலைக்குப் போகாதீங்க.

ஊசித்தகரை. மழைக்காலச் செடி. மூன்று ஜோடி இலைதான், நுனி அகன்றிருக்கும். காய் நீளமாக ஊசி மாதிரி வளைந்து தொங்கும். கொழுந்தைக் கீரையாகச் சமைக்கிற வழக்கம் உண்டு. அது வேறு கதை. ஆவாரைக் கணக்கில் இது சேராது.

நிலாவாரை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பயிராகவே வைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்களே, அது. குட்டைச் செடி, வெளிர்பச்சை இலை, நுனி ஈட்டி மாதிரி கூர்மை. காம்பில் சுரப்பி கிடையாது. நல்ல பேதி மருந்து. ஆவாரை இலைப் பொடி என்று நினைத்து இதைத் தினம் கொதிக்கவைத்துக் குடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மஞ்சள் பூ மரங்கள். நாற்றுப் பண்ணையில் என்னை ஏமாற்றியது இந்த வகை. இலை கிட்டத்தட்ட ஆவாரை மாதிரியே இருக்கும், காய்கூடச் சப்பட்டைதான். காது மட்டும் இருக்காது. காது இருக்கிற இடத்தில் நூல் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். இதே குடும்பத்தில் மஞ்சள் கொன்றை என்று ஓர் அந்நிய மரம் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் பரவி, யானைக்கும் மானுக்கும் புல் இல்லாமல் பண்ணிக்கொண்டிருக்கிறது. வனத்துறை அதை வெட்டி எடுக்கப் படாத பாடு படுகிறது. அழகாகப் பூக்குதே என்று தெரியாத கன்றை வாங்கி வேலியில் வைப்பதற்கு முன்னால் இதை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்க.

செல்போனில் படம் எடுத்தால் பேர் சொல்கிற செயலி இருக்கிறதே என்று இளைஞர்கள் கேட்பார்கள். நல்லதுதான், பயன்படுத்துங்க. ஆனா பூவை மட்டும் படம் எடுத்தால் அதுவும் நம்மளை மாதிரியே ஏமாறும். காது, காம்பு, காய் மூன்றையும் படம் எடுங்க. கடைசி முடிவு உங்க கண்ணோடதாக இருக்கட்டும்.

'ஆடு கூடத் தின்னாத செடி' எதுக்கு?

இப்படிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். உண்மைதான், எங்க ஆடுகள் ஆவாரையைச் சீந்தாது. அதனால்தான் மேய்ச்சல் நிலத்திலும் அது தப்பி நிற்கிறது. ஆடு தின்னாத வேலி நமக்கு ஆகாதா?

ஆவாரைப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அந்த மகரந்தமும் திறந்து கொட்டிக் கிடக்காது. மகரந்தப் பை நுனியில் ஒரு சின்ன ஓட்டை வழியாகத்தான் வரும். கருவண்டு வந்து பூவைக் கட்டிப்பிடித்து 'விர்ர்' என்று உடம்பை அதிரவைத்தால் தூள் கொட்டும். காலையில் ஒரு புதர்ப் பக்கத்தில் நின்றால் அந்தச் சத்தத்தைக் காதாலேயே கேட்கலாம். கத்தரிப் பூவும் தக்காளிப் பூவும் இதே அமைப்புதான். அவற்றையும் அதிரவைக்கத் தெரிந்த வண்டு வந்தால் காய்ப்பிடிப்பு நன்றாக இருக்கும். தோட்டத்தில் கத்தரி இல்லாத மாசங்களிலும் அந்த வண்டுக்குச் சோறு போடுவது வரப்பில் நிற்கிற ஆவாரை. வரப்பைச் சுத்தமாக வழித்துவிட்டு 'கத்தரியில் பூ கொட்டுது' என்று கரைசல் தேடுவதில் என்ன நியாயம்?

தழையுரத்துக்கும் ஆவாரைக் கொப்பை வெட்டி வயலில் மிதிக்கிற வழக்கம் நமக்குப் பழசு. களர் நிலத்துக்கு நம்ம தாத்தாக்கள் இதைத்தான் தேடிப் போனார்கள். இதில் ஒரு திருத்தமும் சொல்லணும். ஆவாரை அவரை, துவரை குடும்பம் என்பதால் காற்றிலுள்ள தழைச்சத்தை வேரில் பிடித்து வைக்கும் என்று நம்மவர்களே மேடையில் பேசுகிறார்கள். ஒரு கன்றைத் தோண்டி வேரைப் பாருங்க, தக்கைப்பூண்டில் இருக்கிற மாதிரி முடிச்சு இருக்காது. ஆவாரை தருவது தழை, நிழல், மண்பிடிப்பு. இல்லாத பெருமையைச் சொன்னால், இருக்கிற பெருமையையும் யாரும் நம்ப மாட்டார்கள். சர்க்கரை நோய்க்கும் அதே பேச்சுதான். ஆவாரம்பூத் தண்ணீர் குடிங்க, ஆனா அதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீங்க. பொட்டலத்தின் மேலே 'சர்க்கரை குணமாகும்' என்று அச்சடிக்கவும் வேண்டாம்.

ஒரு காலத்தில் ஆவாரம்பட்டைக்குத் தனி வியாபாரமே இருந்தது. தோல் பதனிட அந்தப் பட்டைதான் வண்டி வண்டியாகப் போகும். அப்புறம் ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. அதற்குப் பின்னால் குரோமியம் வந்தது. குரோமியம் கலந்த கழிவுநீர் பாலாற்றங்கரையில் செய்த வேலையை நாடே அறியும். ஒரு செடிக்கு விலை போனதும் ஊர் அதன் அடையாளத்தையும் மறந்துவிடுகிறது. பட்டை உரித்து விற்ற தாத்தா பேயாவாரையைத் தூரத்திலிருந்தே பிரித்துச் சொல்லியிருப்பார். அது அவர் பிழைப்பு. இன்றைக்கு நாம் பூவை விற்கக் கிளம்பியிருக்கிறோம், அந்தக் கண் மட்டும் நம்மிடம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. ஆவாரை நிற்பதை வைத்து இது சுண்ணாம்பு மண் என்று முடிவு கட்டிவிடாதீங்க. செம்மண் சரளையிலும், கரிசல் ஓரத்திலும், ஏரிக்கரையிலும் அது நிற்கும். மதுக்கரை, தாழையூத்து மாதிரிச் சுண்ணாம்புப் பூமியிலும் வாடாமல் நிற்கும், அதுதான் அதன் கெட்டித்தனம். மண்ணைத் தெரிந்துகொள்ள ஒரு பிடி காய்ந்த மண்ணில் எலுமிச்சைச் சாற்றையோ நல்ல புளிப்பேறிய காடியையோ ஊற்றிக் காதருகே வைத்துக் கேளுங்கள். 'சுர்' என்று நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. செடியைச் செடியாகப் பாருங்க, மண்ணை மண்ணாகச் சோதிங்க.

செய்ய வேண்டியது மூன்று

முதலாவது, நம்ம சந்தைகளில் ஆவாரை என்று வருகிற சரக்கு பொடியாக வரவேண்டாம். முழுப் பூவாக, காய்ந்தாலும் பார்த்துத் தெரிகிற மாதிரி வரட்டும். காயும் விதையும் கண்டிப்பாக வேண்டாம். பறிக்கிறவர் ஒவ்வொரு புதரிலும் காதைப் பார்த்துவிட்டுத்தான் பறிக்கணும். இதைச் சந்தை விதியாகவே எழுதி வைக்கணும் என்பது என் கருத்து. தனியார் கடைக்கு இந்தக் கண்டிப்பு இல்லாமல் இருக்கலாம். நம்மளை நம்பி வருகிற தாய்மார்களுக்கு நாம் பதில் சொல்லியாகணும்.

இரண்டாவது, மேட்டுநிலம் வாங்குகிற புது விவசாயிகள் முதல் ஒரு வருஷம் இயந்திரத்தை உள்ளே விடாதீங்க. மழைக்கு முன்னே ஒரு தடவை, மழைக்குப் பின்னே ஒரு தடவை நிலத்தைச் சுற்றி நடங்க. ஊர்ப் பெரியவர் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போய், நிற்கிற செடி ஒவ்வொன்றின் பேரையும் ஒரு நோட்டில் எழுதுங்க. அதற்குப் பிறகு எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு பண்ணலாம்.

மூன்றாவது, ஆவாரை வேணும் என்றால் கன்று வாங்காதீங்க. காதைப் பார்த்து உறுதிசெய்த புதரிலிருந்து முற்றிய காயை எடுத்து நீங்களே விதைங்க. விதைத் தோல் கெட்டி. கொதித்து இறக்கின தண்ணீரில் போட்டு ஆறவிட்டு, ராத்திரி முழுக்க ஊறவைத்து, ஊதின விதையை மட்டும் முதல் மழை ஈரத்தில் ஊன்றுங்க. எங்க மேட்டுக்கொல்லையில் நான் அப்படித்தான் செய்தேன். வழித்தெடுக்க ஒரு நாள் ஆனது. திரும்ப வர ஆறு வருஷம் ஆனது. இன்னும் முழுசாக வரவில்லை.

அந்தத் தம்பி சாக்கில் இருந்ததை என்ன செய்தார் என்று கேட்பீர்கள். இரண்டு பேரும் களத்தில் உட்கார்ந்து ஒரு பொழுது முழுக்கப் பிரித்தோம். ஆவாரம்பூ ஒரு முறம் தேறியது. விதையையெல்லாம் குழி வெட்டி எரித்தோம். போகும்போது அவர் ஒரு கொப்பை ஒடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், வீட்டுக்காரங்களுக்குக் காதைக் காட்டணுமாம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது நீங்களும் ஆளுக்கொரு கொப்பு கொண்டு வாங்க. ஆவாரை என்று நீங்க நினைக்கிறது எதுவோ அது. நடுவில் ஒரு சாக்கை விரித்துப் போட்டு எல்லாத்தையும் ஒண்ணாக வைத்துப் பார்ப்போம். எத்தனை கொப்பில் காது இருக்குன்னு எண்ணிவிட்டு, அதுக்கப்புறம் பஞ்சகவ்யம் பேசுவோம்.